பக்கத்து ஸ்கூலோடு ஃபுட்பால் மேட்ச்: கூட்டத்தை எங்கே நிறுத்துவது, கயிறை எப்படிக் கட்டுவது

திருநெல்வேலிப் பக்கம் ஸ்கூல் ஃபுட்பாலில் முதல் எதிரி எப்போதும் பக்கத்துப் பள்ளிக்கூடம்தான். போட்டி நடக்கிற முறையே அப்படி. குறுவட்டத்தில் ஜெயித்தால்தான் வருவாய் மாவட்டம், அதற்கு அப்புறம்தான் மாநிலம். குறுவட்டத்தில் இருப்பதெல்லாம் சுற்றுவட்டாரப் பள்ளிகள். 14, 17, 19 என்று எந்த வயதுப் பிரிவை எடுத்தாலும் ஃபுட்பாலில் ஜெயித்த அணி மட்டும்தான் மேலே போகும். ஒரே டவுன் பஸ்ஸில் தொங்கி வருகிற, ஒரே டியூஷனில் உட்காருகிற, ஒரே கோயில் கொடைக்கு வரி கொடுக்கிற வீட்டுப் பிள்ளைகளில் ஒரு பாதி ஜூலை, ஆகஸ்டிலேயே மூட்டையைக் கட்டியாக வேண்டும். வெறி ஏறாமல் என்ன செய்யும்?

ஏறட்டும். கத்துவதற்கு ஆள் இல்லாத மைதானத்தில் ஆட எந்தப் பயலுக்கும் பிடிக்காது. ஆனால் ரசிகர் சண்டையை அறிவுரை சொல்லி நிறுத்திவிடலாம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 'மாணவச் செல்வங்களே' என்று மைக்கில் அரை மணி நேரம் பேசுவதைவிட 750 மீட்டர் கயிறு அதிக வேலை செய்யும். கைகலப்பு என்று வந்தால் அது பெரும்பாலும் ஆட்டத்துக்குள் தொடங்குவதில்லை. கோட்டு ஓரத்தில், கோல் போஸ்ட்டுக்குப் பின்னால், வெளியே போகிற கேட்டில், பஸ் ஸ்டாப்பில் தொடங்குகிறது. தங்கள் மைதானத்தில் பக்கத்து ஸ்கூலைக் கூப்பிட்டு மேட்ச் நடத்துகிற பி.டி. சார்மாருக்கும், கூடமாட நிற்கிற பழைய மாணவர்களுக்கும்தான் இது.

முதலில் கோடு. கோடு தெரியாத மைதானத்தில் ஒவ்வொரு த்ரோவுக்கும் இருநூறு பேர் தீர்ப்பு சொல்வார்கள். பெரும்பாலான பள்ளி மைதானங்களில் 100-க்கு 60 மீட்டர் எடுக்கலாம், விதிப்படியும் சரி. மூலையை மட்டம் பார்க்க 6, 8, 10 மீட்டரில் கயிறு முக்கோணம் போடுங்கள். நான்கு மூலையும் வைத்த பிறகு குறுக்கே அளந்தால் இரண்டு பக்கமும் 116.6 மீட்டர் வரவேண்டும். ஒரு பக்கம் 117.5, இன்னொரு பக்கம் 115.7 என்று வந்தால் மூலை கோணலாக இருக்கிறது, ஆப்பைப் பிடுங்கி மறுபடி அடியுங்கள். நடு வட்டத்துக்கு 9.15 மீட்டர் கயிறு, பெனால்டி ஏரியா 16.5, கோல் ஏரியா 5.5, பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். எல்லாக் கோட்டையும் கூட்டினால் ஏறக்குறைய 680 மீட்டர். மீட்டருக்கு 100 கிராம் பவுடர் என்று வைத்தால் 70 கிலோ வரும். 25 கிலோ மூட்டை மூன்று வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சினதைப் பத்திரமாக வையுங்கள், இடைவேளையில் பெனால்டி ஏரியாக் கோட்டைத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

சுட்ட சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். வியர்த்த முழங்காலில் பட்டால் புண்ணாகிவிடும், கண்ணில் விழுந்தால் ஆஸ்பத்திரிதான். கல்லை அரைத்த வெள்ளைக் கோலமாவு போதும். ஆடி மாசத்துக் காற்றில் உலர்ந்த மாவு நிற்காது என்பது தெரிந்த கதை. அதனால் காலை ஏழு மணிக்குள் கோடு போட்டுவிடுங்கள். கோடு விழ வேண்டிய இடத்தில் பூவாளியால் தண்ணீர் தெளித்துவிட்டு மாவைத் தூவினால் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் சகதியாகும், கோட்டில் கால் வழுக்கும். அங்கே ஈரத்துணியால் ஒற்றி எடுத்தது போல் தெளித்தால் போதும்.

அடுத்தது வலை. பள்ளி மேட்ச்சில் ரசிகர்கள் உள்ளே ஓடிவர முதல் காரணம் என்று நான் சொல்வது வலை இல்லாத கோல் போஸ்ட்டைத்தான். பந்து கம்பத்துக்கு உள்ளே போச்சா, வெளியே போச்சா? பின்னால் நிற்கிற இரண்டு கூட்டமும் சத்தியம் செய்யும், இரண்டு பேர் கண்ணுக்கும் அவரவர் கட்சியே நியாயமாகத் தெரியும். வலை கட்டினால் இந்தப் பேச்சே எழாது. கடையில் வாங்க வசதி இல்லையென்றால் உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை மாதிரி மீனவ ஊர்களில் ஆள் தெரிந்தவர் மூலம் கழித்துப்போட்ட நைலான் வலை கேட்டுப் பாருங்கள். ஒரு கோலுக்கு 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் இருந்தால் மேலே, பின்னால், இரண்டு பக்கம் எல்லாம் மூடிவிடும். கண்ணி 10 முதல் 12 சென்டிமீட்டர் இருக்கட்டும். சின்னக் கண்ணி வலை காற்றைப் பிடித்துக்கொண்டு கம்பத்தையே இழுக்கும். மெல்லிய நரம்பு வலை கோல்கீப்பர் கையைக் கிழிக்கும். கம்பத்தோடு 30 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டு, தரையில் அரை மீட்டருக்கு ஒரு ஆப்பு. கம்பத்தின் அடியில் விடுகிற இடைவெளிதான் வினை: வெளியே போன பந்து அந்தச் சந்து வழியாக உள்ளே புகுந்து வலையில் கிடக்கும், தூரத்தில் நிற்பவனுக்கு அது கோல். டாஸ்க்கு முன் ரெஃப்ரியோடு ஒருவர் நடந்து போய் இரண்டு வலையையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

நகர்த்துகிற இரும்பு போஸ்ட் என்றால் பின்சட்டத்தில் மணல் மூட்டை ஏற்றாமல் ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். ஜெயித்த சந்தோஷத்தில் நான்கு பேர் குறுக்குக் கம்பியில் தொங்கினால் முன்பக்கமாகச் சாயும். இதில் விளையாட்டே கிடையாது. சாய்கிற போஸ்ட்டுக்கு அடியில் நின்று பிள்ளைகள் செத்துப்போன சம்பவங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன.

இனி கயிறு. பக்கக் கோட்டிலிருந்து 3 மீட்டர், கோல் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளிச் சுற்றிவந்தால் 372 மீட்டர். 4 மீட்டருக்கு ஒரு சவுக்குக் கம்பு என்றால் 93, தொண்ணூற்றைந்தாக எடுங்கள். கம்பு ஒன்றரை மீட்டர், அதில் 40 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போகட்டும். சரள் மண்ணில் முந்தின நாள் சாயங்காலமே குழி போடுகிற இடத்தில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் கடப்பாரை இறங்கும். கயிறு இரண்டு வரிசை: முழங்காலுக்கு மேலே ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று. ஆக, சுமார் 750 மீட்டர். தேங்காய்நார்க் கயிறுதான் நல்லது. கண்ணுக்குத் தெரியும், மேலே விழுந்தாலும் அறுக்காது. ஒவ்வொரு கம்பிலும் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். சோம்பல்பட்டு மூலைக்கு மூலை மட்டும் முடிச்சுப் போட்டால் ஒரு இடத்தில் ஒருத்தன் உட்கார்ந்ததுமே ஒரு பக்கம் முழுக்கத் தொய்ந்துவிடும். தொய்ந்த கயிறைத் தாண்டுவது குற்றம் என்று யாருக்குமே தோன்றாது.

கோல் கோட்டுக்குப் பின்னால் மூன்று மீட்டர் போதாது. அங்கே 10 மீட்டர் விட்டுக் கட்டுங்கள், ஆள் யாரையும் நிறுத்தாதீர்கள். காரணம் இரண்டு. வேகமாக வருகிற பந்து ஆறாம் வகுப்புப் பையன் முகத்தில் படும். இன்னொன்று, பந்து கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே 'கோல்' என்று கூட்டம் உள்ளே பாய்ந்துவிடும், ரெஃப்ரிக்கு எதுவுமே தெரியாது. முழுப் பந்தும் கோட்டை முழுசாகத் தாண்டினால்தான் கோல் என்பதை ஆட்டத்துக்கு முன் மைக்கில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். பத்து வருஷமாக ஃபுட்பால் பார்க்கிற பெரியவர்களுக்குக்கூட அது தெரிந்திருப்பதில்லை.

கூட்டம் நிற்கப்போகிற ஓரத்தில் ஐந்து மீட்டர் அகலத்துக்குச் சரள் கல்லைப் பொறுக்கிவிட வேண்டும். முந்தின நாள் என்.எஸ்.எஸ். பிள்ளைகளை வைத்து ஒரு மணி நேரத்தில் முடிகிற சோலி. உடைமுள்ளையும் அப்போதே கூட்டித் தள்ளுங்கள்; பந்துக்கும் காலுக்கும் அதுதான் எமன். தண்ணீர் பாக்கெட் விற்பவரை உள்ளே விடாதீர்கள். பாதி குடித்த பாக்கெட் பறப்பதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். 20 லிட்டர் கேன், சங்கிலி போட்ட டம்ளர், அவ்வளவுதான்.

யாரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். மைதானம் வடக்கு தெற்காக நீளம் என்று வையுங்கள். மத்தியானம் மூன்றரைக்கு மேல் மேற்கு ஓரத்தில் நிற்பவர்களுக்கு வெயில் முதுகில். கிழக்கு ஓரத்தில் நிற்பவர்களுக்கு வெயில் முகத்தில், போதாததற்கு மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் மைதானத்துப் புழுதி முழுக்க அவர்கள் கண்ணில். வந்த ஊர்க்காரர்களைக் கிழக்கே நிறுத்திவிட்டு, நம்ம பயலுவ வேப்பமரத்து நிழலில் நின்று கத்தினால், முதல் கோல் விழும் முன்பே அங்கே மனசு புழுங்கிப் போயிருக்கும். விருந்தாளிக்கு மேற்கு, நமக்குக் கிழக்கு. இன்னொரு லாபமும் உண்டு: மேற்கே நிற்கிறவர்களின் சத்தத்தைக் காற்றே மைதானத்துக்குள் கொண்டுவரும். ஆள் குறைவாக வந்திருக்கிற வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு கைகொடுத்த மாதிரி.

ஒரே பக்கத்தில்தான் நிழல், ஒரே கேட்தான் என்கிற மைதானமும் உண்டு. அங்கே இரண்டு கூட்டத்தையும் அதே ஓரத்தில் வைத்து, நடுக்கோட்டை ஒட்டி 15 மீட்டர் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் இரண்டு அணியின் பெஞ்சு, முதலுதவிப் பெட்டி, இரண்டு ஸ்கூல் ஆசிரியர்களின் நாற்காலி. இரு பக்கத்து வாத்தியார்மாரும் கலந்து உட்கார்ந்து முறுக்கு தின்பதைப் பார்த்தாலே பாதி சூடு இறங்கும். போலீஸ்காரர் இரண்டு பேர் நிற்பதைவிட இது பலிக்கும்.

முன்வரிசையில் சின்னப் பிள்ளைகளை உட்கார வையுங்கள், குறிப்பாக லைன்ஸ்மேன் ஓடுகிற பாதைக்கு நேர் பின்னால். லைன்ஸ்மேன் மைதானத்தின் ஒரு பாதியில்தான் கடைசிவரை ஓடுவார். முதல் பாதியில் ஒரு அணியின் தாக்குதலுக்குக் கொடி தூக்குகிறவர், இடைவேளைக்குப் பிறகு அதே இடத்தில் நின்று மற்ற அணிக்குத் தூக்குவார். அவர் காதுக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்பதில் எல்லாம் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பையன் கத்துவான், கையைப் பிடித்து இழுக்கமாட்டான்.

இழுக்கிறவர்கள் யார்? இப்போது படிக்கிற பிள்ளைகளைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அவர்களுக்குப் பி.டி. சார் பயம், டி.சி. பயம், வீட்டுப் பயம் எல்லாம் இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்து இரண்டு மூன்று வருஷம் ஆன கூட்டம்தான் கவனிக்க வேண்டியது. அவர்களுக்கு ஸ்கூல் மேல் பாசம் குறையவில்லை, ஸ்கூல் அவர்களை ஒன்றும் செய்யவும் முடியாது. ஒதுக்கிவைத்தால் மதில் ஏறிக் குதித்து வருவார்கள். வேலை கொடுத்துவிடுங்கள்: கயிறு ஓரத்தில் 20 மீட்டருக்கு ஒருவர், கழுத்தில் ஒரு அட்டை. தன் பொறுப்பில் இருக்கிற கயிறைத் தானே தாண்டுகிற ஆள் அபூர்வம்.

பந்து எடுத்துப் போடுகிற பையன்கள் ஆறு பேர் வேண்டும், ஸ்கூலுக்கு மூன்று. உள்ளூர்ப் பையன்கள் மட்டும் இருந்தால், நாம் ஒரு கோல் முன்னால் இருக்கும்போது பந்து திரும்பி வர ஒரு நிமிஷம் ஆகும். எதிர்க்கூட்டம் அதைக் கடிகாரம் வைத்து எண்ணும். கோட்டுக்கு வெளியே மாற்றுப் பந்து இரண்டு இருக்கட்டும். கட்டாந்தரையில் பந்தைக் கல் மாதிரி ஊதினால் எகிறி எகிறிக் கூட்டத்துக்குள்தான் போகும். விதி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை அனுமதிக்கிறது, நம்ம மண்ணுக்கு 9 பக்கம் வைத்தால் ஆட்டம் தரையில் நிற்கும்.

கத்துவதற்கு வருவோம். டிரம் வேண்டும், தாராளமாக அடிக்கட்டும். கோலுக்குப் பின்னாலும் பெஞ்சுக்குப் பக்கத்திலும் மட்டும் கூடாது. ரெஃப்ரி விசில் கேட்காமல் ஆட்டக்காரன் ஓடிக்கொண்டே இருப்பான், அப்போது விழுகிற உதைதான் பெரிய சண்டையாகும். ரசிகர் கையில் விசில் அறவே வேண்டாம். பார்வையாளர் ஊதிய விசில் ஆட்டத்தைக் குழப்பியது என்று ரெஃப்ரி நினைத்தால், ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால் போட வேண்டும், அதாவது அவரே பந்தைத் தரையில் போட்டு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்க வேண்டும் என்பது விதி. நம்ம ஃபார்வர்டு கீப்பரோடு தனியாகப் போய்க்கொண்டிருக்கும்போது நம்ம பயல் ஒருத்தன் ஊதினான் என்றால் அந்த வாய்ப்பு போனதுதான். இதை இப்படிச் சொன்னால் உடனே விசிலைப் பைக்குள் வைத்துவிடுவார்கள்.

கோஷத்துக்கு நம்ம ஊரில் பஞ்சமா? வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போடுவது மாதிரி ஒருத்தன் எடுக்க மற்றவர்கள் முடிக்கிற கோஷம்தான் நிற்கும். எடுப்பு நான்கு ஐந்து சொல், முடிப்பு ஒரே சொல்.

'ஏலே, இன்னைக்கு யாருக்குல அல்வா?'
'ஒங்களுக்குத்தாம்ல!'

இதற்கு மேல் நீளமாக எழுதிக்கொண்டு வருவதெல்லாம் பத்தாவது நிமிஷத்தில் சிதறிவிடும். ஆட்டத்தை, ஸ்கூலை, கோல்கீப்பரின் ஓட்டைக் கையைக் கிண்டல் பண்ணலாம். ஊர்ப் பெயர், தெருப் பெயர், அப்பா பெயர், வீட்டுப் பெண்கள் எதுவும் வாயில் வரக்கூடாது. தெருப் பெயரைச் சொன்னாலே இங்கே வேறு அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அதனால் நிறத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். இந்தச் சீமையில் இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலே அது எந்தச் சாதியின் நிறம் என்று படித்துவிடுவார்கள். நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்ட பிறகு, அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, பள்ளி மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. மேட்ச் அன்றைக்கு 'டீம் கலர்' என்ற பெயரில் அதே கயிறு திரும்பி வரும். ரசிகருக்கு ஜெர்சியின் ஒரே ஒரு நிறம் போதும், அதுவும் கர்ச்சீப்பாகவோ காகிதக் கொடியாகவோ இருக்கட்டும். கையில் கட்டுகிற எதுவும் வேண்டாம். என்ன நிறம் என்பதை இரண்டு பி.டி. சாரும் ஒரு வாரம் முன்பே போனில் பேசி முடித்துக்கொள்வது நல்லது.

ஃப்ளெக்ஸ் வைக்காமல் இருக்கமாட்டார்கள், தெரியும். முகம் இல்லாத ஃப்ளெக்ஸ் வைக்கச் சொல்லுங்கள்: ஸ்கூல் பெயர், ஜெர்சி நம்பர், அவ்வளவு. தலைவர் படம் போட்ட ஃப்ளெக்ஸ் காற்றில் கிழிந்தாலும் 'கிழித்துவிட்டான்' என்றுதான் பேச்சு வரும். பத்தடிக்கு ஆறடி ஃப்ளெக்ஸில் உள்ளங்கை அளவு பிறை வடிவத்தில் பத்துப் பன்னிரண்டு வெட்டுப் போட்டால் காற்று வெளியேறும். ஓரத்தில் இரண்டு அடிக்கு ஒரு கட்டு. வெடி வேண்டாம், காய்ந்த புல்லில் பொறி விழும், புகை மைதானத்துக்குக் குறுக்கே போகும்.

மைதானம் கிழக்கு மேற்காக நீளம் என்றால் டாஸ் பெரிய விஷயம். டாஸ் ஜெயித்தவர் எந்த கோலைத் தாக்குவது என்று கேட்கலாம், அல்லது முதல் உதையைக் கேட்கலாம். கிழக்கு கோலைத் தாக்குகிற அணிக்குக் காற்று முதுகில், எதிர்க் கீப்பருக்கு வெயில் கண்ணில். வெயில் தாழ்வது இரண்டாம் பாதியில்தான், ஆகவே விவரமான கேப்டன் முதல் பாதியில் காற்றுக்கு எதிரே ஆடத் துணிவான். இதைக் கூட்டத்துக்கும் மைக்கில் சொல்லிவிடுங்கள். 'இடைவேளைக்கு அப்புறம் ரெஃப்ரி அவனுவ பக்கம் சாஞ்சிட்டாரு' என்கிற பேச்சில் பாதி, உண்மையில் காற்று சாய்ந்ததுதான்.

ரெஃப்ரியும் லைன்ஸ்மேன்களும் மூன்றாவது ஊர்க்காரர்களாக இருக்கட்டும். இரு ஸ்கூலிலிருந்தும் ஆளுக்கு ஒரு லைன்ஸ்மேன் என்பது நியாயம் போலத் தெரியும், ஆபத்து அதில்தான். பாதிக்கு எத்தனை நிமிஷம், கூடுதல் நேரம் எவ்வளவு என்பதையும் மைக்கில் அறிவியுங்கள்.

சமன் ஆகி பெனால்டிக்குப் போனால் அதுவரை கட்டிய கயிறெல்லாம் வீண் என்கிற நிலைமை வரும். எந்த கோலில் அடிப்பது என்பதை ரெஃப்ரி நாணயம் சுண்டித்தான் தீர்மானிப்பார். பாதுகாப்புக் காரணம் இருந்தால் அவரே ஒரு பக்கத்தைச் சொல்லலாம். அந்த கோல் எது என்று தெரிந்த அடுத்த நொடி இரண்டு கூட்டமும் அதன் பின்னால் ஓடும். இதற்கென்றே பத்துப் பேரைத் தனியாக வைத்திருங்கள். கடைசி விசில் ஊதும் முன்பே ஐந்து ஐந்து பேராக இரு கோலுக்குப் பின்னாலும் போய் நிற்கட்டும். டிரம் பழைய இடத்திலேயே இருந்தால் பாதிக் கூட்டம் அதோடு நின்றுவிடும்.

பரிசளிப்பு ஐந்து நிமிஷம். சிறப்பு விருந்தினர் பேச ஆசைப்பட்டால் ஆட்டத்துக்கு முன்னால் பேசிக்கொள்ளட்டும். தோற்ற கூட்டத்தை இருட்டுகிறவரை நிற்கவைத்து, ஜெயித்த கூட்டம் குதிப்பதைப் பார்க்கச் சொல்வது அநியாயம். வெளியூர்க்காரர்கள் தங்கள் ஓரத்துக்குப் பின்னாலிருக்கிற வழியாகவே வெளியேறி வண்டி ஏறட்டும். உள்ளூர்க்காரர்களைப் பரிசளிப்பு, போட்டோ என்று கால் மணி நேரம் பிடித்து வையுங்கள். தனி வண்டி இல்லாமல் டவுன் பஸ்தான் என்றால் இரண்டு ஆசிரியர்கள் ஸ்டாப்பில் நின்று, ஒரு ஊர்க்காரர்களை ஒரு பஸ், அடுத்த ஊர்க்காரர்களை அடுத்த பஸ் என்று ஏற்ற வேண்டும். ஒரே பஸ்ஸின் முன்படியில் ஒரு கூட்டமும் பின்படியில் ஒரு கூட்டமும் ஏறினால் நடுவில் மாட்டுவது கண்டக்டர்.

ஃப்ளெக்ஸை ஒரு மணி நேரத்துக்குள் கட்டியவர்களே அவிழ்த்துவிட வேண்டும். ராத்திரி முழுக்கக் கிடந்து காலையில் கிழிந்திருந்தால் அடுத்த சண்டைக்கு அதுவே நாள் குறித்த மாதிரி. கம்புகளை அன்றைக்கே பிடுங்குங்கள், அத்தனை குழியையும் மண்போட்டு மிதித்து மூடுங்கள். மறுநாள் காலை பிரேயருக்கு ஓடிவருகிற சின்னப் பையன் கால் அதில்தான் மாட்டும்.